நாளைய சோற்றின் வாசம்

"வீட்டில இப்ப சமைக்கிறது ஆர்?"

டொக்டர் அம்மா இப்படிக் கேட்டதும் என் வீட்டுக்காரர் விரலை நீட்டி என்னைக் காட்டினார். கண் சரியாகத் தெரியாததால் விரல் என்னைத் தாண்டி, பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸியைக் காட்டியது. மிஸ்ஸி சிரித்துக்கொண்டு விலகிக்கொண்டார். விரலுக்கு எதிரே நான்தான் மிஞ்சினேன்.

பதுளையில் சீனி வருத்தத்துக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு மருந்து கொடுக்கிற கிளினிக் அது. வெளியே மழை. வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களின் கம்பளிச் சட்டைகளிலிருந்து ஈர வாடை அடித்தது. அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வேலை அவர்களுக்கு இல்லை.

மேசையில் இரத்தம் பார்த்த துண்டுச் சீட்டு கிடந்தது. சீனி இறங்கவில்லை. இறங்காவிட்டால் கண்ணில் ஒப்பரேஷன் செய்ய மாட்டார்கள். இவருக்கு இடது கண் முன்னமே போய்விட்டது. வலது கண்ணில் புரை. இருக்கிறதே அந்த ஒரு கண்தான். அதற்கு நாள் குறித்துக் கொடுத்து, ஏற்கெனவே ஒரு தடவை தள்ளியும் போட்டிருந்தார்கள்.

"இந்த அளவில கண்ணில கை வைக்க மாட்டினம். இந்தத் திகதியையும் வெட்டத்தான் வேணும்" என்றார் டொக்டர் அம்மா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சின்ன வயது. குரல் மட்டும் பெரியது.

சமைக்கிறது நான்தான். அதைச் சொல்ல வாய்தான் வரவில்லை.

என் வாயைப் பற்றி

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "இவ்வளவு எழுதுகிறவர் நேரில் ஏன் பேசுவதில்லை?" என்று ஹல்துமுல்லையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் காரணம்.

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். படித்த காலத்தில் ஒரு கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. கொழுந்து பறிக்கப் போன பிறகும் அப்படியே. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எல்லோரும் "ஆமாங்க" என்பார்கள். நான் இருமுவேன்.

"இருமல் வந்திருச்சு. அடுத்த ஆளு" என்பார் கங்காணி.

கல்யாணத்துக்குப் பிறகு இருமுகிற வேலையும் குறைந்தது. எனக்கும் சேர்த்து இவரே பேசினார். கடையில், ஆபீசில், கோயில் கூட்டத்தில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் அவர் குரல்தான். அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பது எனக்கு வசதியாக இருந்தது. நல்ல அகலமான முதுகு.

ஆகவே அவருடைய கண் என்பது அவருடைய கண் மட்டும் இல்லை. அவருக்குக் கண் போனால் எனக்கு வாய் வந்தாக வேண்டும். இரண்டில் எது கஷ்டம் என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல மாட்டேன்.

ஆவி பறக்க வேண்டும்

இவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைக்கிற அடுப்புக்கு விறகு போட்டவர். சூடு என்றால் அவருக்கு ஒரு மரியாதை. தேத்தண்ணீர் உதட்டைச் சுட வேண்டும். சோற்றில் ஆவி பறக்க வேண்டும்.

அதற்கு வேறு காரணமும் உண்டு. இவருடைய அம்மா கணக்கப்பிள்ளை வீட்டில் பாத்திரம் கழுவினார். அங்கே மிஞ்சிய ஆறின சோற்றை மறுநாள் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் போடுவார். லயத்துப் பையன்கள் இவரை "மிச்சச் சோறு" என்றுதான் கூப்பிட்டார்களாம். பெரியவரான பிறகும் ஒருவன் கடைத் தெருவில் அப்படிக் கூப்பிட்டான். அவனுக்கு ஒரு பல் போயிற்று. இவருக்கு ஒரு வாரம் வேலை போயிற்று.

"என் வீட்டுல நேத்துச் சோறு இருக்கக் கூடாது புள்ள. மிஞ்சுனா நாய்க்குப் போடு. எனக்குப் போடாத" என்று கல்யாணமான புதிதில் சொன்னார். நானும் போட்டதில்லை.

சீனி வருத்தம் என்று தெரிந்ததும், சோற்றைக் குறைத்து ரொட்டி, குரக்கன் என்று மாற்றச் சொன்னார்கள்.

"ரொட்டியா? பொறந்ததுலருந்து கோதுமை மா ரொட்டி தின்னு வளந்த ஒடம்புங்க இது. சோறுங்கிறது திருவிழாவுக்கும் சாவுக்குந்தான். இப்பத்தான் நித்தமும் சோறு கெடைக்குது. இப்பப் போயி ரொட்டி தின்னுன்னா எப்படி?" என்றார் இவர்.

மருந்துக் குளிசை எடுக்க இவர் வரிசையில் போய் நின்றதும் டொக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

டொக்டர் அம்மா சொன்ன சமையல்

"அம்மா, இவர் சோத்தை விட மாட்டார் போல. அப்ப சோத்தையாவது கொஞ்சம் மாத்துவம்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அரிசிக்குள்ள மாச்சத்து இருக்கல்லோ? சுடச்சுட இருக்கேக்க அது இளகி நிக்கும். வயித்துக்குள்ள போன உடன கெதியில சீனியா மாறிடும். உலை கொதிக்கேக்க ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கோ. அவிஞ்ச சோத்தை வெளியில கனநேரம் வைக்காம ஆறவிட்டு பிரிட்ஜில வையுங்கோ. அடுத்த நாள் எடுத்து நல்லாச் சூடாக்கிக் குடுங்கோ. குளிர்ந்து இறுகின மா, திரும்பச் சூடாக்கினாலும் முழுசா இளகாது. ஆறுதலாத்தான் செமிக்கும். சீனி ஒரேயடியா ஏறாது."

நான் தலையாட்டினேன்.

"அதுக்காகக் குளிசையை விடக் கூடாது. சோத்தின்ர அளவும் கூடக் கூடாது. விளங்கினதோ?"

அதற்கும் தலையாட்டினேன். விளங்கத்தான் செய்தது. விளங்காதது ஒன்றுதான். நேற்றுச் சோற்றை இந்த மனிதருக்கு எப்படிப் போடுவது?

இரண்டு பானை

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் உண்டு. கொழும்பில் வேலை செய்கிற மகள் வாங்கி அனுப்பியது. வந்த நாளிலிருந்து அது லயத்துக்கே சொந்தம். ஒருத்தர் தயிர், ஒருத்தர் கோயிலுக்குப் பூ, ஒருத்தர் கோழிக்கு ஊசி மருந்து. அதற்கு நடுவே மூடி போட்ட சட்டியில் சோற்றை வைத்தேன்.

அடுத்த காம்பராவில் இருக்கும் பாக்கியம் பூ எடுக்க வந்து சட்டியைத் திறந்து பார்த்தாள். எதையும் திறந்து பார்க்கிறவள் அவள். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லாருக்கு அக்கா. எண்ண வச்சுக் குளுப்பாட்டி, ஐஸ் பொட்டியில படுக்க வச்சிருக்க. எந்த ஊருலருந்து ஆளு வரணும்னு காத்திருக்க? எப்ப எடுக்கிற?"

"நாளைக்கு மத்தியானம்" என்றேன்.

இவர் கண்ணால் கண்டுபிடிக்கப் போவதில்லை. காதும் மூக்கும்தான் ஆபத்து. உலை கொதிக்கிற சத்தம் கேட்க வேண்டும். வேகிற அரிசியின் வாசம் வர வேண்டும். அதற்கு ஒரு வழி தானாகவே அமைந்தது. ஒரு அடுப்பில் நேற்றைய சோற்றை ஆவியில் சூடாக்குவேன். அதே நேரத்தில் அடுத்த அடுப்பில் நாளைக்கு வேண்டிய சோறு கொதிக்கும். இவர் உள்ளறையில் இருந்து, "வாசம் வருது புள்ள, பசிக்குது" என்பார்.

அவர் முகர்ந்தது நாளைய சோறு. சாப்பிட்டது நேற்றைய சோறு. இன்றைய சோறு என்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லாமலே போயிற்று.

முதல் நாள் தட்டை வைத்துவிட்டு, இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு அடுப்பங்கரையிலேயே நின்றேன். இவர் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார்.

"இது எந்த ஊரு அரிசி?"

நான் அடுப்பைத் துடைத்தேன்.

"பொலபொலன்னு இருக்கு. ஒட்டவே மாட்டேங்குது. மொனராகலைப் பக்கத்து அரிசியா?"

"ம்" என்றேன்.

அந்த ஒரு "ம்" செய்த வேலை கொஞ்சமில்லை. இவர் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் மொனராகலை அரிசியின் பெருமையைப் பேசினார். மலை அரிசிக்கு அந்த உதிர்வு வராது என்றார். இவர் பேச்சைக் கேட்டுக் கடையில் போய் அந்த அரிசியைக் கேட்டவர்களும் உண்டு. பாக்கியம் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் முறத்தைப் பார்ப்பேன்.

கஞ்சி

இவ்வளவு செய்தும் சீனி ஏன் இறங்கவில்லை என்பதற்கு வருகிறேன்.

சோறு வடித்தால் கஞ்சி வரும். அதைக் கீழே ஊற்றுவதை எங்கள் ஆட்கள் பாவம் என்று நினைப்பார்கள். எங்கள் அம்மா கஞ்சியைச் சிந்தினால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற காலத்தில் ஒரு கோப்பைக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுத்தான் கூடையைத் தலையில் மாட்டுவோம்.

அதனால் நாளைய சோற்றில் வடித்த கஞ்சியை இவருக்குச் சுடச்சுடக் கொடுத்தேன். முன்பும் கொடுத்ததுதான். இப்போது கூடுதலாகக் கொடுத்தேன். நேற்றுச் சோறு போடுகிறோமே என்று மனசு உறுத்தியது. கஞ்சி தண்ணீராக இருந்தால் கொடுக்கிற கை சின்னதாகத் தெரியும். ஆகவே அந்தப் பானையிலிருந்து ஒரு அகப்பைச் சுடுசோற்றை மசித்துப் போட்டு, உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் சேர்த்துப் பெரிய கோப்பையில் கொடுப்பேன். மேலே எண்ணெய் மின்னும்.

"கஞ்சி ரொம்ப வாசம்" என்பார்.

இன்னொன்றும் உண்டு. இரத்தம் பார்க்கிற நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். எங்களுக்கு வெறும் வயிறு தெரியாதா? எத்தனை விரதம் இருந்திருக்கிறோம். எங்கள் வீட்டு வழக்கத்தில் சோறு படாத வயிறு வெறும் வயிறு. கஞ்சி குடித்தால் விரதம் முறியாது. அதிலும் கிளினிக் நாளில் விடிவதற்கு முன்பே சமைத்து, அந்தக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமே என்று, மசித்த கஞ்சியை ஒரு கோப்பை நிறையக் கொடுத்துத்தான் கூட்டிப் போவேன்.

விரதம் ஒரு நாளும் முறியவில்லை.

மறுபடியும் அந்த மேசை

"ஐயா, ஒளிச்சு இனிப்புச் சாப்பிடுறியளோ?" என்று கேட்டார் டொக்டர் அம்மா.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சீனிய நான் தொட்டே மாசக் கணக்காச்சுங்க. வெறும் தேத்தண்ணிதான். நான் பொய் சொல்லுற ஆளு இல்ல. தோட்டத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"அப்ப இது எப்பிடி?" டொக்டர் அம்மா வெட்டி எழுதப் பேனையை எடுத்தார். கண் ஒப்பரேஷனுக்கு நாள் எழுதியிருந்த அட்டையைத் திருப்பினார்.

கஞ்சியாக இருக்குமோ என்று எனக்கு அந்த இடத்தில்தான் தோன்றியது. சோற்றில் இளகின மா இருக்கிறது என்றால், சோறு வெந்த தண்ணீரில் என்ன இருக்கும்? துணிக்குப் போட்டால் விறைக்கிறதே.

பேனை அட்டைக்குக் கிட்டப் போய்விட்டது. இவர் எனக்கு முன்னால்தான் நின்றார். அந்த முதுகு இந்தத் தடவை உதவாது. அதற்குத் தெரியாத விஷயம் இது.

நான் இருமினேன்.

"இருமலும் இருக்கோ அம்மா?" என்றார்.

"கஞ்சி குடுத்தேங்க" என்றேன்.

"என்ன?"

"கஞ்சிங்க. சோறு வடிச்சது. மசிச்ச சோறும் போட்டு. இன்னைக்கும் குடுத்துட்டுத்தான் கூட்டியாந்தேன்."

"இரத்தம் எடுக்க முந்தியோ?"

"ஆமாங்க. வெரதத்துக்குக் குடிக்கலாமுங்க."

மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

டொக்டர் அம்மா பேனையைக் கீழே வைத்தார். "நில்லுங்கோ. நான் சொன்ன மாதிரி சோத்தைக் குளிர வைச்சனீங்களோ இல்லையோ?"

கஞ்சிக் கதையோடு தப்பிக்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. இவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"வச்சேங்க. நேத்து வடிச்சதத்தான் இன்னைக்குச் சூடாக்கிக் குடுக்கிறேன். நெதமும்."

"எண்ணெய்?"

"விட்டேங்க."

"அப்ப நீங்கள் சோத்தை மெதுவாக்கிப்போட்டு, வடிஞ்ச மாவைச் சுடச்சுட வேகமா ஊத்தி விட்டிருக்கிறியள்" என்றார். சிரிக்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. "திகதியை வெட்டேல்ல. கஞ்சியை நிப்பாட்டுங்கோ. வாற கிழமை ஒண்டும் குடிக்காமல் வரட்டும். வேணுமெண்டால் பச்சைத் தண்ணி. அப்பவும் இறங்காட்டி என்னால ஒண்டும் செய்யேலாது."

அட்டையைத் திருப்பித் தந்தார். இவர் கை நீட்டவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

ஹாலிஎல வரை

பஸ்ஸில் இவர் பேசவில்லை. முதல் தடவையாகப் பக்கத்தில் இருந்தவரிடம்கூடப் பேசவில்லை. வளைவுகளில் பஸ் சாயும்போது எங்கள் தோள்கள் இடித்தன. அவர் விலகவுமில்லை, சாயவுமில்லை.

பாதி வழியில், ஹாலிஎல வந்ததும் கேட்டார். "நேத்துச் சோறா?"

"ஆமாங்க."

"எப்பருந்து?"

"மழைக்கு முன்ன இருந்து."

பஸ் இன்னொரு வளைவு திரும்பியது.

"மொனராகலை அரிசின்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேனே புள்ள."

"சொன்னது நீங்கதாங்க."



மறுநாள் மத்தியானம் சட்டியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தேன். இப்போது இவருக்குத் தெரியும். ஒளித்து எடுக்கத் தேவையில்லை. இருந்தும் ஒளித்துத்தான் எடுத்தேன், கை பழகிவிட்டது. சூடாக்கித் தட்டில் போட்டு, பருப்பும் பாகற்காயும் வைத்து, அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றேன்.

இவர் தட்டைத் தொடவில்லை. வாசலில் ஒரு கோழி கத்திக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை வீட்டுச் சோறும், கடைத் தெருவில் விழுந்த பல்லும் அந்தத் தட்டுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தன. நான் எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன்.

"ஆவி வருதா?" என்று கேட்டார்.

"வருதுங்க."

கையைத் தட்டுக்கு மேலே நீட்டி, வருகிறதா என்று தானே பார்த்துக்கொண்டார். பிறகு சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார்.

கஞ்சி பாக்கியத்தின் மாட்டுக்குப் போயிற்று. மாடு நன்றாகத் தேறிவிட்டது. அதற்கு இதுவரை யாரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை உண்மையான வெறும் வயிற்றோடு போனோம். குளிரில் இவருக்குத் தாடை ஆடியது. துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு டொக்டர் அம்மா, இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், ஆனாலும் நல்ல பக்கம்தான் போகிறது என்றார். மறுபடி ஒரு தடவை இரத்தம் பார்த்தபோது சீனி போதுமான அளவு இறங்கியிருந்தது. குறித்த நாளிலேயே ஒப்பரேஷன் நடந்தது.

கண்

கட்டுப் பிரித்து, மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பிய அன்று மழையில்லை. பதுளையில் பஸ் ஏறினோம். கண் மங்கிய காலத்திலிருந்து இவருக்குப் பழக்கமான இடம் ஒன்று உண்டு. சாரதிக்குப் பின்னால், முன் இருக்கை. கம்பியைத் தடவிக்கொண்டு ஏறினால் முதலில் கைக்குத் தட்டுப்படுவது அதுதான். அன்றும் அதில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பஸ் கிளம்பியதும் வாசிக்கத் தொடங்கினார். சத்தமாக.

"டயர் ஒட்டப்படும்."

"பல் வைத்தியசாலை."

"இங்கே குப்பை கொட்டாதீர்கள். கொட்டியிருக்கானுங்க, பாரு."

பின்னால் இரண்டு பிள்ளைகள் சிரித்தன. நான் முந்தானையை இழுத்து முகத்தின் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டேன். நிறுத்தச் சொல்லவில்லை. அவர் பார்மசியை வாசித்தார். சலூனை வாசித்தார். சாவு வீட்டுக்குக் கட்டியிருந்த வெள்ளைப் பதாகையில் இறந்தவர் பெயரை வாசித்து, "அடடா, இவரா?" என்று வருத்தப்பட்டார். வெளியே வாசிக்க ஒன்றுமில்லாத இடம் வந்ததும் பஸ்ஸுக்குள் வாசித்தார். புகைபிடிக்கக் கூடாது. மிதிபலகையில் நிற்கக் கூடாது. பிறகு தலையை நிமிர்த்தித் தனக்கு நேர் மேலே பார்த்தார்.

"மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது."

இதைச் சத்தமாக வாசிக்கவில்லை. உடனே எழுந்து நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

"இத்தன காலமா இதுலயா உக்காந்து வந்தேன்?"

"ஆமாங்க."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. ஒரு தடவ ஒரு பிக்கு ஏறுனாரு. ஒங்களப் பாத்துச் சிரிச்சுட்டுப் பின்னால போயிட்டாரு."

இவர் கொஞ்ச நேரம் பாதையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார். அந்தக் கண் நன்றாகத்தான் வேலை செய்தது.

"சோத்தச் சொல்லல. சீட்டையும் சொல்லல. இன்னும் என்னடி பாக்கி வச்சிருக்க?"

யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது.

"வீட்டுக்குப் போயிச் சொல்றேங்க" என்றேன்.